லியேஜ் நகரத்துப் பசி

கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா என்றதும் கண்முன் வருவது பவனிதான்: கதிர்ப் பாத்திரத்தில் வைத்த அப்பம், பிடித்துவரும் விதானம், தெருவோரம் மண்டியிடும் கூட்டம். இதை வைத்தே, நற்கருணையை மக்களின் வாயிலிருந்து எடுத்துக் கண்ணுக்கு மட்டும் விட்டுவைக்க இடைக்காலத் திருச்சபை கண்டெடுத்த விழா இது என்று வாதிடுவோர் உண்டு. வாதத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 12ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் மேற்கு ஐரோப்பாவில் பொதுநிலையினர் நன்மை வாங்குவது அரிதாகிவிட்டிருந்தது. பாவசங்கீர்த்தனம், நோன்பு, மணமானவர்களுக்கு உடலுறவு விலக்கம் என்று முன்தயாரிப்புகள் கூடக்கூட, தகுதியில்லாமல் வாங்கிவிடுவோமோ என்ற அச்சமும் கூடியது. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம், அப்பமும் இரசமும் உட்பொருளில் கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் மாறுகின்றன என்று அறிக்கையிட்டது. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை, பாஸ்கா காலத்திலாவது நன்மை வாங்குங்கள் என்று அதே சங்கம் கட்டளையிடவும் வேண்டியிருந்தது. அசிசி நகர் கிளாரா தம் சகோதரிகளுக்கு எழுதிய ஒழுங்கிலேயே ஆண்டுக்கு ஏழு முறைதான். மடத்துக்குள்ளேயே ஏழு என்றால் உழவர் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தலைமுறையில்தான், அர்ச்சிப்பு வார்த்தைகளைச் சொன்னதும் குருவானவர் அப்பத்தைத் தலைக்குமேல் உயர்த்திக் காட்டும் வழக்கம் பாரிஸ் பகுதியிலிருந்து பரவியது.

ஆனாலும் விழா பிறந்த இடத்துக்குப் போனால் வேறொன்று தெரிகிறது. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லியேஜ் மறைமாவட்டத்தில் அப்போது, முழுத் துறவியராகவும் இல்லாமல் இல்லறத்தாராகவும் இல்லாமல், பக்தியில் கூடி வாழ்ந்த பெண்கள் பலர் இருந்தார்கள். அவர்களுள் ஒருவரான ஓய்னி ஊர் மரியாவின் வரலாற்றை எழுதிய ஜாக் தெ வித்ரி, நற்கருணைக்காக அவர்கள் பட்ட பசியையே திரும்பத் திரும்பப் பேசுகிறார். மரியா 1213இல் இறந்தார். லியேஜ் நகருக்கு வெளியே மோன் கோர்னியோன் மடத்தில் அநாதையாக வளர்ந்த ஜூலியானாவும் இந்தச் சூழலின் மகள். முழுநிலவில் ஒரு கருங்கோடு விழுந்திருப்பதாக அவர் கண்ட காட்சிக்கு, திருச்சபையின் ஆண்டுச் சுழற்சியில் நற்கருணைக்கென்று ஒரு விழா இல்லாத குறையே அது என்று பொருள் கொண்டார். வெகுகாலம் வெளியே சொல்லவில்லை. பிறகு ஈவா என்ற தனிவாசத் தோழியிடமும் சில குருக்களிடமும் சொன்னார். கலந்தாலோசிக்கப்பட்டவர்களுள் லியேஜின் தலைமைத் திருத்தொண்டர் ஜாக் பாந்தலேயோனும் ஒருவர். 1246இல் ஆயர் ராபர்ட் தம் மறைமாவட்டத்துக்கு விழாவை ஏற்படுத்தினார்; அதே ஆண்டில் இறந்தும்போனார்.

இது குருக்களின் அதிகாரத்தை நிலைநாட்டவும் தப்பறைக்காரரை அடக்கவும் எழுந்த விழா என்ற வாதத்துக்கு, அடுத்து நடந்தவையே பதில். ஆதரித்த ஆயர் போனதும் ஜூலியானா மடத்தைவிட்டே வெளியேற நேர்ந்தது. 1258இல் ஃபோஸ் என்ற ஊரில், தம் மடத்துக்குத் திரும்பாமலேயே இறந்தார். அந்த ஜாக் பாந்தலேயோன் நான்காம் ஊர்பான் என்ற திருத்தந்தையாகி, 1264 ஆகஸ்ட் 11இல் விழாவை உலகத் திருச்சபைக்கு விரித்தார். ஆணையில் தப்பறைக்காரரைப் பற்றிய வரி உண்டு, மறுக்கவில்லை. பொல்சேனா ஊரில் அப்பத்திலிருந்து இரத்தம் கசிந்ததாகச் சொல்லப்படும் அற்புதமே ஆணைக்குக் காரணம் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது; ஆணையிலோ அதைப் பற்றிப் பேச்சில்லை. தாம் சிறிய பதவியில் இருந்தபோது, சிலருக்குக் கிடைத்த இறைவெளிப்பாட்டைக் கேள்விப்பட்டதையே ஊர்பான் சொல்கிறார். விழாவுக்கான வழிபாட்டுச் செபங்களை ஈவாவுக்கும் அனுப்பிவைத்தார். ஆணை வெளிவந்த இரண்டே மாதத்துக்குள் ஊர்பான் இறந்ததும், பெரும்பாலான இடங்களில் ஆணை கிடப்பில் கிடந்தது. 1317இல் இருபத்திரண்டாம் யோவான் சட்டத்தொகுப்பில் சேர்த்து வெளியிட்ட பிறகே அது எங்கும் வேரூன்றியது. அதிகார பீடம் தனக்கென்று செய்த ஆயுதத்தை அரை நூற்றாண்டு துருப்பிடிக்க விட்டிருக்குமா?

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: யார் தொடங்கினாலும், கடைசியில் பார்ப்பது உண்பதை விழுங்கிவிட்டதே? பெரிதும் உண்மை, வருந்தத்தக்க உண்மை. ஆனால் ஊர்பானின் ஆணை பவனியைக் குறிப்பிடவே இல்லை. கிறிஸ்து தம்மையே உணவாகத் தந்ததைத்தான் அது விரித்துப் பேசுகிறது. பவனி 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொலோன் போன்ற நகரங்களில் தலைகாட்டி, அடுத்த நூற்றாண்டில் விழாவின் முகமாகவே மாறியது. எட்டாத உணவைக் கண்ணாலாவது எட்டிப்பிடிக்க மக்கள் முயன்றார்கள் என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது. பசியே இல்லாத கூட்டம் ஊர்தோறும் தெருவில் மண்டியிட்டிருக்காது. திரிதெந்து சங்கம் 1551இல் இந்த ஆராதனையை உறுதிப்படுத்தியது. 1562இல் அதே சங்கம், ஒவ்வொரு பூசையிலும் விசுவாசிகள் நன்மை வாங்க வேண்டும் என்ற விருப்பத்தையும் வெளியிட்டது. ஆனால் இந்த இரண்டாவது, வெறும் விருப்பமாகவே நின்றது. 1643இல் ஆர்னோ என்ற இறையியலாளர், அடிக்கடி நன்மை வாங்குவதைப் பற்றிப் பிரான்சில் எழுதிய நூல் பழைய அச்சத்தைப் புதுக் கண்டிப்போடு திரும்பக் கொண்டுவந்தது. பத்தாம் பத்திநாதர் காலத்தில், 1905 டிசம்பரில் வெளிவந்த ஆணைதான், சாவான பாவமில்லாத நிலையும் நேரிய நோக்கமும் உள்ள எவரும் நாள்தோறும்கூட நன்மை வாங்கலாம் என்று வழக்கைத் தீர்த்தது. 1910இல் இன்னொரு ஆணை, ஏழு வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கும் புதுநன்மை தரலாம் என்றது.