பளபளப்பாக இருந்தாலே 'ப்ரூஃப்' நாணயமா? தரச் சான்றுக்கு அனுப்பும் முன் வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வருகிறது. காந்தி உருவம் பதித்த பழைய 10 ரூபாய் வெள்ளி நாணயம். கண்ணாடி மாதிரி மின்னுகிறது. 'அரிய ப்ரூஃப் நாணயம், இன்று மட்டும் இந்த விலை' என்று கீழே ஒரு வரி.

நம்பி வாங்கி, தரம் பார்க்கும் நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டி அனுப்பினால், மெருகேற்றிய சாதாரண நாணயம் என்று பதில் வரலாம். நாணயத்துக்குக் கொடுத்த காசும் போச்சு, கட்டணமும் போச்சு. ஆனால் ஒரு லென்ஸ், ஒரு மேசை விளக்கு, ஒரு சின்ன எடை மெஷின் இருந்தால் இந்த ஏமாற்றத்தைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

*ப்ரூஃப் நாணயம் என்றால் என்ன?*

பலரும் நினைப்பது போல 'ப்ரூஃப்' என்பது நாணயத்தின் நிலையைக் குறிக்கும் சொல் அல்ல. அது தயாரிக்கும் முறையின் பெயர். சேகரிப்பாளர்களுக்காக, நன்கு மெருகேற்றிய அச்சில், தனியாகத் தயார் செய்த உலோக வில்லையை வைத்து, அதிக அழுத்தத்தில் ஒரு முறைக்கு மேல் அடித்து எடுப்பார்கள். அதனால் வெற்றிடம் கண்ணாடி போலவும், உருவமும் எழுத்தும் கூர்மையாகவும் இருக்கும். பல நாணயங்களில் உருவத்தின் மேல் மட்டும் பனி படர்ந்த மாதிரி ஒரு வெண்மை தெரியும்.

சாதாரண நாணயத்தை எவ்வளவு தேய்த்தாலும் பளபளப்பு வருமே தவிர, அச்சில் விழுந்த அந்தக் கூர்மை வராது. சோதனைகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

*முதலில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள்*

இந்திய நாணயங்களில் எந்த ஆலையில் அடித்தது என்பதைக் காட்டும் சின்னக் குறி, பெரும்பாலும் ஆண்டுக்குக் கீழே இருக்கும். மும்பை ஆலையின் புழக்க நாணயங்களில் அது வைர வடிவம். அதே ஆலையின் ப்ரூஃப் நாணயங்களில் 1969 முதல் 'பி' என்ற ஆங்கில எழுத்தும், 1996 முதல் 'எம்' என்ற எழுத்தும் வந்தன.

காந்தி நூற்றாண்டுக்காக 1969-ல் வந்த 10 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். அதில் 1969 என்று இருக்காது. '1869-1948' என்று காந்தியின் பிறப்பு, இறப்பு ஆண்டுகள்தான் இருக்கும். அதற்குக் கீழே வைரக் குறி இருந்தால், எவ்வளவு மின்னினாலும் அது ப்ரூஃப் இல்லை. சோதனை அங்கேயே முடிந்தது.

கொல்கத்தா ஆலைக்குத் தனிக் குறி கிடையாது. அதனால் மற்ற ஆண்டுகளின் நாணயங்களில் குறி இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அடுத்த சோதனைகளுக்குப் போக வேண்டும்.

*விளக்கு வெளிச்சத்தில் திருப்புங்கள்*

ஒற்றை விளக்குக்குக் கீழே நாணயத்தை மெதுவாகச் சாய்த்துத் திருப்புங்கள். புழங்காத சாதாரண நாணயத்தில் வெளிச்சம் சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி சுழலும். ப்ரூஃப் நாணயத்தில் சுழலாது. பேனா முனையைப் பக்கத்தில் கொண்டுபோனால், வெற்றிடத்தில் அதன் பிம்பம் தெளிவாக விழும்.

மெருகேற்றிய நாணயத்தில் இரண்டும் சரியாக இருக்காது. உருவம், எழுத்து, வெற்றிடம் எல்லாமே ஒரே மாதிரி வழுவழுப்பாக மின்னும். எழுத்துகளின் ஓரத்தில், துணி எட்டாத மூலைகளில் மட்டும் பழைய அழுக்கு கருப்பாகத் தங்கியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை: புது அச்சில் அடித்த சில புழக்க நாணயங்களுக்கும் இயல்பாகவே கண்ணாடித்தன்மை வரும். யாரும் தேய்க்காமலே வந்தாலும், அவை ப்ரூஃப் ஆகிவிடாது.

*லென்ஸில் கோடுகள் சொல்லும் கதை*

10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் மெல்லிய கோடுகள் தெரியலாம். கோடு தெரிந்தாலே போலி என்று பயப்பட வேண்டாம். அந்தக் கோடு எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

• அச்சை மெருகேற்றியதால் வந்த கோடு, நாணயத்தில் மேடாக இருக்கும். உருவத்தின் ஓரம் வரை வந்து நின்றுவிடும். அது இயல்பானது.

• நாணயத்தையே தேய்த்ததால் வந்த கோடு, பள்ளமாக இருக்கும். வெற்றிடம், எழுத்து, உருவம் என்று எல்லாவற்றின் மேலும் ஏறிப் போகும். யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இதுவே அடையாளம்.

அப்படியே எழுத்துகளின் ஓரத்தையும் விளிம்பையும் பாருங்கள். ப்ரூஃப் நாணயத்தில் அவை வெட்டியெடுத்த மாதிரி இருக்கும். தேய்த்த நாணயத்தில் மழுங்கி, சோப்புக் கட்டி மாதிரி உருண்டிருக்கும். பனி போன்ற வெண்மை உருவத்தைத் தாண்டி வெற்றிடத்திலும் சிதறியிருந்தால், அது பிறகு செயற்கையாக ஏற்றியதா என்று சந்தேகப்படலாம்.

*எடையும் காந்தமும்*

அந்த 10 ரூபாயில் 80 சதவீதம் வெள்ளி. எடை 15 கிராம், விட்டம் 34 மில்லிமீட்டர். காந்தத்தில் ஒட்டக் கூடாது. ஆனால் அதே வரிசையில் வந்த 1 ரூபாய், 50 காசு இரண்டும் நிக்கல். அவை ஒட்டினால் பதற வேண்டாம்.

எடை சரியாக இருந்தால் உலோகம் சரியாக இருக்கலாம் என்று மட்டுமே அர்த்தம். மெருகேற்றுவதில் எடை பெரிதாகக் குறையாது. ஆகவே இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பி ஓகே சொல்லிவிடக் கூடாது.

*ஒரு எழுத்தை அழித்தால் போதும்!*

குறியை மாற்றி ஏமாற்றுவதற்கு உலக அளவில் பிரபலமான உதாரணம், அமெரிக்காவின் 1895 மோர்கன் வெள்ளி டாலர். அந்த ஆண்டு பிலடெல்பியா ஆலை நாணயங்களில் சேகரிப்பாளர்களிடம் இருப்பது, அடிக்கப்பட்ட 880 ப்ரூஃப்களில் மிஞ்சியவை மட்டுமே. அவற்றில் ஆலைக் குறி இருக்காது. அதே ஆண்டு நியூ ஆர்லியன்ஸ், சான் பிரான்சிஸ்கோ ஆலைகளின் புழக்க நாணயங்களில் 'ஓ', 'எஸ்' என்ற குறிகள் உண்டு. அந்த எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, பிலடெல்பியா ப்ரூஃப் என்று விற்கப் பார்ப்பார்கள்.

எனவே எந்த நாட்டு நாணயமாக இருந்தாலும், குறி இருக்க வேண்டிய இடத்தை மட்டும் தனியாக லென்ஸில் பாருங்கள். அங்கே மட்டும் கீறல், குழிவு, நிற மாற்றம் இருந்தால் குறி அழிக்கப்பட்டிருக்கலாம். எழுத்தைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரிந்தால் பிறகு சேர்த்திருக்கலாம்.

*இதை மட்டும் செய்யாதீங்க!*

உங்களிடம் இருப்பது அசல் ப்ரூஃபாகவே இருந்தாலும், புளி, விபூதி, பல்பொடி போட்டுத் தேய்த்தால் கதை முடிந்தது. என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற தரச் சான்று நிறுவனங்கள், சுத்தம் செய்த நாணயத்துக்கு 1 முதல் 70 வரையிலான வழக்கமான எண் தரத்தைக் கொடுக்காமல், குறையைக் குறிப்பிட்டு 'டீடெயில்ஸ்' என்று எழுதிவிடும். விலையும் இறங்கிவிடும்.

நாணயத்தை எப்போதும் ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். முகத்தில் விரல் பட்டால் ரேகை நிரந்தரமாகப் பதியலாம். பிவிசி உறையில் நீண்ட நாள் வைத்தால் பச்சைப் படலம் வரும்.

*எப்போது அனுப்பலாம்?*

குறி பொருந்துகிறது, எழுத்துகள் கூர்மையாக இருக்கின்றன, உருவத்தின் மேல் ஏறும் பள்ளக் கோடுகள் இல்லை, எடை சரி. இந்த நான்கும் ஒத்துவந்தால் கட்டணம் கட்டி அனுப்புவதில் அர்த்தம் உண்டு. ஒன்று இடறினாலும் முதலில் அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவரிடம் நேரில் காட்டுங்கள். அழகான பெட்டியோ, கூடவே வரும் அட்டையோ ஆதாரம் ஆகாது. பெட்டிக்குள் நாணயத்தை மாற்றி வைப்பது சுலபம்.

விற்பவர் போட்டோ மட்டும்தான் அனுப்புவேன், லென்ஸில் பார்க்க விடமாட்டேன் என்றால், அந்த நாணயத்தை விட்டுவிடுவதே நல்லது.