தொண்டித் துறையும் துண்டுச் சீட்டும்

கொச்சியில் தொடங்கும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மூணாறு, தேனி, மதுரை, சிவகங்கை என்று இறங்கி வந்து தொண்டியில் முடிகிறது. அதற்கப்பால் பாக் நீரிணை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே திசையில் நடந்து வந்தவர்களுக்கு இங்கே நிலம்தான் முடிந்தது. பாதி வழிகூட ஆகியிருக்கவில்லை.

மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிச் சீமைகளில் மழை பொய்த்தால் ஆட்கள் கூட்டமாக இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கிளம்புவார்கள். தொண்டி, அம்மாபட்டினம், பாம்பன் துறைகளில் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடப்பார்கள். காலராவும் தாகமும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. தொடக்கத்தில் அது காப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கான வேலை. பறித்து முடித்துக் கையில் காசோடு திரும்பிவிடலாம். 1869-இல் இலங்கையில் தலைகாட்டிய இலை நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பியை அழித்தது. அதன் இடத்தைப் பிடித்த தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். குடும்பத்தோடு போய், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் தங்கும் வாழ்க்கை அப்படித்தான் நிலைத்தது.

வேலை இருக்கும் சேதியை ஊருக்குக் கொண்டுவந்தவர் கங்காணி. அவர் வேற்றாள் இல்லை. அதே ஊர்க்காரர், பெரும்பாலும் அதே சாதி, சிலருக்கு உறவும்கூட. தோட்டத்துரை கொடுத்த முன்பணத்தில் ஊர்க் கடனை அடைப்பார், வழிச்செலவைப் பார்த்துக்கொள்வார். அந்தப் பணம் முழுக்க ஆளின் பெயரில் பற்று எழுதப்படும். பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள் இருந்தார்கள். தன் ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்கினார்கள் என்று பார்த்து, கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆளைக் கூட்டி வருவதிலும் தக்கவைப்பதிலும் அவருக்கு வருமானம் இருந்தது.

சேர்வது இவ்வளவு சுலபம். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக நினைத்தவனுக்குத்தான் சிக்கல் தொடங்கியது. சட்டத்தின்படி ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்தால் தொழிலாளி விலகலாம். சொல்லாமல் போனால், 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். முறைப்படி சொல்லிவிட்டு வந்தவனையும் ‘துண்டு’ இல்லாமல் அடுத்த தோட்டம் சேர்க்காது. இந்தக் கடன் தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதம் அது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். ஆள் பஞ்சத்தில் இருக்கும் தோட்டம், பழைய கடனுக்கு மேலேயே பணம் கொடுத்து மொத்தக் கூட்டத்தையும் எடுத்துக்கொள்ளும். மிச்சம் பெரும்பாலும் கங்காணியின் மடிக்குப் போகும். கடன் ஆட்களின் தலையில் ஏறும். ஒவ்வொரு மாற்றத்திலும் துண்டில் எழுதிய தொகை கூடியது. யாருடைய உழைப்பை அடகு வைத்து அந்தத் தொகை எழுதப்பட்டதோ, அவர்களில் பலருக்கு அதைப் படிக்கத் தெரியாது. இந்தக் கடற்கரையின் வேலை வரலாற்றில் இதைவிடக் கொடிய தாள் ஒன்று இருந்திருக்க முடியாது.

1901-இல் தகரச் சீட்டு வந்தது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த வில்லை. வழிச்செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். 1904-இல் இலங்கைத் தோட்டங்களின் லேபர் கமிஷன் திருச்சியில் அலுவலகம் திறந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து ரயில் தனுஷ்கோடிவரை போனதும், மண்டபம் முகாமில் அம்மைத் தடுப்பு ஊசியும் மருத்துவச் சோதனையும் முடித்தவர்கள் கப்பலில் தலைமன்னார் போனார்கள். துண்டை ஒழிக்க 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு கூலி வேலைக்கு இலங்கை செல்வதையே தடை செய்தது.

அதே காலத்தில், தொண்டிக்கு வடமேற்கே தேவகோட்டை, காரைக்குடிப் பக்கத்திலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன நகரத்தார் கடை ஊழியர்கள் வேறு விதமாக வேலைக்குச் சேர்ந்தார்கள். பெட்டியடிப் பையனாக நுழைந்தவர் அடுத்தாள் ஆகி, பிறகு மேலாள் ஆகலாம். புறப்படும் முன்பே சம்பளச் சீட்டு எழுதப்படும். வழக்கமாக மூன்றாண்டுத் தவணை. சம்பளத்தில் ஒரு பகுதி முன்கூட்டியே வீட்டுக்கு. மேலாளுக்கு லாபத்தில் பங்கு. தவணை முடிந்தால் ஊர் திரும்பிக் கணக்கை முடித்துக்கொண்டு விலகலாம். இங்கும் முன்பணம் உண்டு, உறவும் உண்டு. ஆனால் வெளியே வரும் நாள் சேரும்போதே எழுதப்பட்டிருந்தது.

வளைகுடாவுக்குப் போன தலைமுறைக்குத் துண்டு வேறு பெயரில் வந்தது. பழைய முதலாளியின் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) இல்லாமல் புதிய வேலைக்கு மாற முடியாத நிலையைக் கத்தார் 2020-இல்தான் நீக்கியது. கங்காணியின் இடத்தில் ஏஜென்ட். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் ₹30,000-மும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். பதிவு உண்டா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். 1978-இல் தமிழ்நாடு அரசே வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதற்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கி நடத்திவருகிறது. விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவே கூடாது.

சென்னையிலும் பெங்களூரிலும் கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கு இது பழங்கதையாகத் தோன்றக்கூடாது. ரிலீவிங் லெட்டர் இல்லாமல் அடுத்த நிறுவனம் சேர்ப்பதில்லை. மூன்று மாத நோட்டீஸைச் சில நேரம் புதிய நிறுவனமே பணம் கட்டி வாங்குகிறது. பயிற்சிக்கென்று பாண்டு எழுதி வாங்குகிறார்கள். மூன்று ஆண்டுக்குள் விலகினால் ₹2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே கையெழுத்துக்கு முன் சம்பளத்தைப் பேசுவதுபோலவே விலகும் வழியையும் பேச வேண்டும். நோட்டீஸ் எத்தனை நாள், பணம் கட்டி அதைக் குறைக்கலாமா, பாண்டுத் தொகை ஆண்டுதோறும் குறையுமா, அசல் சான்றிதழ்களைக் கேட்கிறார்களா? பதில்கள் மின்னஞ்சலில் வரட்டும். அசல் சான்றிதழை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

இதையெல்லாம் நேர்மையாகச் சொல்லக்கூடியவர் அந்த நிறுவனத்திலிருந்து விலகிய ஒருவர்தான். அவர் நெருங்கிய நண்பராக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் பாஸ்டன் அருகே நியூட்டனில் படித்த ஊழியர்களிடம் ஆய்வு நடத்தி 1974-இல் புத்தகமாக வெளியிட்டார். பாதிக்கு மேற்பட்டோர் தெரிந்தவர் மூலமே வேலை பெற்றிருந்தார்கள். அவர்களிலும் அடிக்கடி சந்திக்கும் ஆள் மூலம் பெற்றவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது பார்க்கும் பழைய சகாவோ, கல்லூரியில் உடன் படித்தவரோ. அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்து, நீங்கள் அங்கிருந்து எப்படி வெளியே வந்தீர்கள் என்று கேட்பதற்குப் பத்து நிமிடம் போதும்.