கோடு ஏறாத அப்புக்காத்து

"கோடு கச்சேரி ஏறாமல் நீ என்ன அப்புக்காத்து பிள்ளை?" ஊருக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் பெரியம்மா இதைக் கேட்பார். 2008 இல் உயர் நீதிமன்றத்தில் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்தேன். அதன் பின்னர் கறுப்பு அங்கி அணிந்து நீதிபதி முன் நின்ற நாட்களை விரல்விட்டு எண்ணலாம். கம்பனிகளை வாங்குதல், விற்றல், ஒன்றிணைத்தல் தொடர்பான சட்ட வேலைகளே எனது தொழில். எங்கள் வீடுகளில் அதிகம் பேசப்படாத தொழில் இது.

மூன்று வழிகள்

ஒரு வியாபாரம் கைமாறுவதற்குப் பிரதானமாக மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, பங்குகளை வாங்குதல். இதில் உரிமையாளர் மட்டுமே மாறுவார். கம்பனியின் கடன், வழக்கு, வரிப் பாக்கி யாவும் அதனுடனேயே இருக்கும். இரண்டாவது, சொத்துகளை மட்டும் வாங்குதல். அரிசி ஆலையை வாங்குபவர் கட்டடத்தையும் இயந்திரங்களையும் எடுத்துக்கொண்டு, பழைய கடன்களைப் பழைய கம்பனியிடமே விட்டுவிடலாம். மூன்றாவது, ஒன்றிணைப்பு. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் கம்பனிகள் ஒன்றாகும்போது, அவற்றின் சொத்துகளும் கடப்பாடுகளும் ஒன்றிணைந்த கம்பனியைச் சேரும். டி.எப்.சி.சி. வங்கியும் அதன் துணை வங்கியான டி.எப்.சி.சி. வர்தன வங்கியும் 2015 ஒக்டோபர் 1 ஆம் திகதி ஒன்றிணைந்தமை நாடறிந்த உதாரணம்.

பேச்சு மேசையில் இருப்பவர்கள் வாங்குபவரும் விற்பவரும்தான். ஆனால் அங்கே இல்லாதவர்களையும் சட்டம் கவனிக்கின்றது. பட்டியலிடப்பட்ட கம்பனியொன்றின் வாக்குரிமைப் பங்குகளில் 30 சதவீதத்தை ஒருவர் எட்டினால், ஏனைய பங்குதாரர்களின் பங்குகளையும் வாங்க அவர் முன்வர வேண்டும். ஆலை விற்கப்பட்டால் இயந்திரத்தைப் போலத் தொழிலாளியையும் கைமாற்றிவிட முடியாது; அவரது சம்மதம் தேவை. 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் இடமாயின், 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டப்படி, எழுத்துமூல சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன்னனுமதியோ இன்றி அவரை நிறுத்தவும் முடியாது. ஒழுக்காற்று நடவடிக்கை இதற்கு ஒரு விலக்கு.

இந்தத் துறைக்கு வருவது

பல்கலைக்கழகத்தில் சட்டமாணிப் பட்டம் பெற்றோ, நுழைவுப் பரீட்சை மூலம் இலங்கைச் சட்டக் கல்லூரிக்குச் சென்றோ சட்டத்தரணியாகலாம். எவ்வழியில் வந்தாலும் சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சையும் பயிற்சிக் காலமும் உண்டு. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கான ஒழுங்குவிதிகளை 2023 இல் நாடாளுமன்றம் நிராகரித்தது. எனினும் எமது துறையின் ஒப்பந்தங்கள் அனேகமாக ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. உயர்தரம் வரை தமிழில் படித்த எனக்கு முதல் இரண்டு ஆண்டுகளும் அகராதியுடனேயே கழிந்தன. ஐந்தொகையை வாசிக்கவும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

இளம் சட்டத்தரணியின் பிரதான வேலை, வாங்குவதற்கு முன்னரான ஆய்வு. கூட்டக் குறிப்புகள், கடன் பத்திரங்கள், ஊழியர் சேமலாப நிதிக் கொடுப்பனவுகள், காணி உறுதிகள் என எல்லாவற்றையும் வரி வரியாக வாசித்து அறிக்கை எழுத வேண்டும்.

யாரும் கேட்டு வராத காணி

அடையாளங்களைத் தவிர்த்து ஒரு சம்பவத்தைச் சொல்கின்றேன். 2017 இல் நாங்கள் ஆய்வு செய்த கம்பனியொன்றின் சொத்துகளில் வடக்கில் உள்ள ஒரு காணியும் இருந்தது. அதற்கான ஆதாரம் ஓர் ஆட்சியுறுதி மட்டுமே. காணிப் பதிவகத்தில் பின்னோக்கித் தேடியபோது, ஒரு குடும்பத்தின் பெயரில் 1978 ஆம் ஆண்டின் அறுதி உறுதி பதிவாகியிருந்தது. அதன் பின்னர் அவர்கள் யாருக்கும் விற்றதாகப் பதிவில்லை.

1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராக 10 ஆண்டுகள் இடையூறின்றி ஆண்டவர் உரித்துக் கோரலாம். ஆனால் 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம், ஆயுதக் குழுக்களின் நடவடிக்கைகளால் உரிமையை நிலைநாட்ட முடியாமற்போனவர்களைக் கருதி, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அவர்களுக்கு எதிராகக் கணக்கிடுவதைத் தடுத்தது. இதை அறிக்கையில் எழுதினேன்.

"இதுவரை யாராவது கேட்டு வந்தார்களா?" என்று மூத்த சட்டத்தரணி கேட்டார். யாரும் வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்விதான். எனக்கோ 1995 ஒக்டோபர் 30 இரவு நினைவுக்கு வந்தது. வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது அம்மம்மா உறுதிகளைப் பிஸ்கட் பேணியில் போட்டு மடியில் வைத்திருந்தார். அந்தப் பேணி தொலைந்திருந்தால் நாங்களும் கேட்டுப் போகாதவர்களாகவே இருந்திருப்போம்.

பந்தியை நீக்காமல் அறிக்கையைக் கொடுத்தேன். வாங்குபவர் அந்தக் காணியைத் தவிர்த்து, விலையைக் குறைத்து, மிகுதியை வாங்கினார். எனது கடமை அவருக்கானது; அது நிறைவேறியது. அந்தக் குடும்பத்தைத் தேடிச் சொல்லத் தொழில் இரகசியம் இடந்தரவில்லை. அவர்களது பெயர் இன்றும் நினைவிருக்கின்றது.

பெரியம்மாவிடம் பெயர், ஊர் சொல்லாமல் இதைச் சொன்னேன். "அப்ப அந்தச் சனத்துக்கு ஆர் சொல்லுறது?" என்றார்.

அதனால்தான் இதை எழுதுகின்றேன். உறுதி தொலைந்திருந்தாலும் அதன் இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றில் தெரிந்ததைக் குறித்து வையுங்கள். காணிப் பதிவகத்தில் உங்கள் காணியின் பதிவை ஒரு தடவை பாருங்கள்; உறுதியின் பிரதி அங்கிருந்தால் கேட்டுப் பெறலாம். உங்களுக்குப் பின்னர் வேறொருவரின் பெயர் ஏறியிருந்தால் தாமதியாமல் சட்டத்தரணி ஒருவரை நாடுங்கள். புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கும் இந்த விபரங்களை அனுப்பி வையுங்கள். உங்கள் காணி எங்கோ ஒரு மேசையில் விலைபேசப்படும் நாளில், அதன் பத்திரங்களை வாசிப்பவர் உங்களைத் தேடி வரமாட்டார்.