நீதிபதியை இடம் மாற்றுவது யார்?

1826ஆம் ஆண்டின் நீதிப் பட்டயம் பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா ஆகிய மூன்று குடியேற்றங்களுக்கும் ஒரே நீதிமன்றத்தை வகுத்தது. ஆளுநருக்கும் அதில் நீதி இருக்கை உண்டு. சட்டம் பயின்ற நீதிபதியோ 'ரெக்கார்டர்' ஒருவரே. அப்பதவிக்கு வந்த சர் ஜான் கிளாரிட்ஜ், பயணச் செலவு குறித்து ஆளுநர் ஃபுல்லர்ட்டனுடன் பிணங்கி, 1828இல் சிங்கப்பூருக்கு வர மறுத்தார். ஆளுநரே அமர்ந்து வழக்குகளை விசாரித்தார். கிளாரிட்ஜ் பின்னர் திருப்பியழைக்கப்பட்டார். படிக்காசுச் சச்சரவு என்று நாம் நகைத்துவிடலாம்; ஆயினும் நீதிபதியின் பதவி யார் கையில் என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது.

குடியரசின் அரசமைப்பு உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு அரண் அமைத்துள்ளது. நீதிபதியாக இருக்கும் அல்லது இருந்த ஐவருக்குக் குறையாத நடுவர் மன்றம் பரிந்துரைத்தாலன்றி அவர்களை நீக்க இயலாது. ஆனால், எளிய மக்கள் பெரும்பாலும் நிற்பது அந்த மன்றத்தில் அன்று. 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில் மூண்ட கலவரத்தின்பேரில் குற்றஞ்சாட்டப்பட்ட 25 தொழிலாளர்களும் கொண்டுசெல்லப்பட்டது ஹேவ்லாக் சதுக்கத்துக் கீழமை நீதிமன்றத்திற்கே. அதன் மாவட்ட நீதிபதிகளும் மாஜிஸ்திரேட்டுகளும் பல்லாண்டுகளாகச் சட்டச் சேவையின் அலுவலர்கள். அரசுத் தரப்பு வழக்கறிஞர்களும் அதே சேவையினர். இரு சாராரையும் மேற்பார்த்தது சட்டச் சேவை ஆணையம் ஒன்றே. தலைமை நீதிபதி அதன் தலைவர், தலைமைச் சட்ட அதிகாரி அதன் உறுப்பினர். இன்று தீர்ப்பு வழங்குபவர் நாளை வழக்குத் தொடுப்பவராகலாம்.

இந்த ஏற்பாடு 1984இல் சோதனைக்குள்ளாயிற்று. எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஜே.பி. ஜெயரத்தினத்தைப் பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்த மூத்த மாவட்ட நீதிபதி மைக்கேல் கூ, அவ்வாண்டிலேயே தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்திற்கு மாற்றப்பட்டார். ஆட்சியின் தலையீடு இது என்றார் ஜெயரத்தினம். 1986இல் நீதிபதி டி.எஸ். சின்னத்துரை தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. தலையீடு ஏதும் இல்லை என அது முடிவுரைத்தது. குற்றஞ்சாட்டியவரும் விசாரித்தவரும் தமிழர்கள் என்பது நம் வரலாற்றின் ஒரு விந்தை.

அம்முடிவை ஏற்றாலும் ஏற்காவிடினும் ஒன்று தெளிவு: நீதிபதிக்கும் வழக்குரைப்பவருக்கும் ஒரே பணிப்பட்டியல் இருந்தமையாலேயே இயல்பான இடமாற்றமும் ஐயத்திற்கு இடமளித்தது. மனிதரின் நேர்மையைவிட அமைப்பின் வடிவமே இங்குப் பெரிது என்பது நம் கருத்து.

வடிவம் மாற நெடுங்காலம் ஆயிற்று. 2014 மார்ச்சில் 'கீழமை' என்னும் சொல் நீங்கி, அவை அரசு நீதிமன்றங்கள் எனப் பெயர் பெற்றன. 2021இல் நிறைவேறிய அரசமைப்புத் திருத்தம் 2022 ஜனவரி 14 அன்று நடப்புக்கு வந்தது. மாவட்ட நீதிபதிகளும் மாஜிஸ்திரேட்டுகளும் தலைமை நீதிபதி தலைமையிலான நீதித்துறைச் சேவை ஆணையத்தின்கீழ் வந்தனர்; சட்டச் சேவை ஆணையத்தின் தலைமை இருக்கை தலைமைச் சட்ட அதிகாரிக்குச் சென்றது.