பணிநிலைய மடிக்கணினிகளின் வரலாறு

பணிநிலைய மடிக்கணினி என்பது பொறியியல் வரைவு, முப்பரிமாண வடிவமைப்பு, திரைப்படத் தொகுப்பு, அறிவியல் கணக்கீடு போன்ற கடினமான வேலைகளுக்கென உருவாக்கப்படும் மடிக்கணினி வகையாகும். விலை, எடை, மின்செலவு ஆகிய மூன்றிலும் இது சாதாரண மடிக்கணினியை மிஞ்சும். இதன் வரலாற்றைச் செயலியின் வேகத்தை வைத்தே பலரும் எழுதுகின்றனர். வாங்கியவர் அதன் மூடியைத் திறந்து எதையெல்லாம் மாற்ற முடிந்தது, எப்போது முடியாமல் போனது என்ற கேள்வியை வைத்துப் பார்த்தால் அதே வரலாறு வேறு விதமாகத் தெரிகிறது.

தொடக்கம்

1980களில் பணிநிலையம் என்றால் மேசையை அடைத்துக்கொண்டு நிற்கும் யூனிக்ஸ் கணினி. அதை மடியில் வைக்கும் அளவுக்குச் சுருக்கியவர்களுள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டாட்போல் நிறுவனத்தார் முன்னோடிகள். 1990களின் தொடக்கத்தில் அவர்கள் வெளியிட்ட ஸ்பார்க்புக், சன் நிறுவனப் பணிநிலையங்களுக்கான மென்பொருளை அப்படியே இயக்கியது. விலை சாதாரண மனிதர் நினைத்துப் பார்க்க முடியாதது.

அதே காலத்தில், 1992 அக்டோபரில், ஐபிஎம் நிறுவனம் திங்க்பேட் 700சி என்ற கறுப்பு மடிக்கணினியை அறிமுகம் செய்தது. ஜப்பானியரின் உணவுப் பெட்டியை மனத்தில் கொண்டு ரிச்சர்ட் சாப்பர் அதன் வடிவத்தை வரைந்தார். ஜப்பானின் யமாட்டோ ஆய்வுக்கூடத்தில் அரிமாசா நைட்டோ தலைமையிலான பொறியாளர்கள் அதை உருவாக்கினர். விசைகளுக்கு நடுவே இருந்த சிவப்புக் குமிழ் டெட் செல்கரின் ஆய்வில் பிறந்தது. 700சி பணிநிலையம் அன்று. ஆனால் பின்னாளில் வந்த பல பணிநிலைய மடிக்கணினிகளின் உடல் அமைப்புக்கு அதுவே மூத்தது.

திறந்த பெட்டிகளின் காலம்

2002இல் வந்த திங்க்பேட் ஏ31பி இவ்வகையின் நல்ல எடுத்துக்காட்டு. 1600க்கு 1200 புள்ளிகள் கொண்ட 15 அங்குலத் திரை, வடிவமைப்பு வேலைக்கான ஃபயர்ஜிஎல் வரைகலைச் சில்லு ஆகியவற்றோடு, வன்தட்டு, குறுந்தட்டு இயக்கி, கூடுதல் மின்கலம் ஆகியவற்றை விருப்பம்போல் மாற்றிச் செருகும் அறைகளும் அதில் இருந்தன. பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் இந்த வகைக் கணினி பணியாற்றியது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். ஐபிஎம் இக்கணினிகளுக்கான வன்பொருள் பராமரிப்புக் கையேட்டை எவரும் படிக்கும்படி வெளியிட்டது. எந்தத் திருகாணியை முதலில் கழற்ற வேண்டும், அதன் நீளம் என்ன, எந்த உதிரிப் பாகத்துக்கு எந்த எண் என்பதெல்லாம் படத்துடன் அதில் இருக்கும். கணினியின் அடிப்பக்கத்திலும் விசைப்பலகைக்கான திருகாணி எது, நினைவகத்துக்கானது எது என்று சிறு குறியீடுகள் அச்சிடப்பட்டிருக்கும். பாடநூல் எழுதுவோர் கற்க வேண்டிய தெளிவு அது.

2005 மே மாதம் ஐபிஎம்மின் தனிக்கணினிப் பிரிவு சீனாவின் லெனோவோ நிறுவனத்தின் கைக்கு முழுமையாக மாறியது. தரம் குன்றும் என்று பலர் அஞ்சினர். ஆனால் யமாட்டோ குழு தொடர்ந்தது. 2008இல் வந்த டபிள்யூ 700 ஒரு விசித்திரப் பிறவி: 17 அங்குலத் திரை, கை வைக்கும் இடத்தில் வாக்கம் வரைபலகை, திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் உணரி. அதன் உடன்பிறப்பான டபிள்யூ 700டிஎஸ்ஸில் பக்கவாட்டில் இழுத்தால் இரண்டாவது திரையும் வெளியே வரும். எடை ஏறத்தாழ 5 கிலோ. மடிக்கணினி என்ற சொல்லையே மடி மறுத்திருக்கும்!

2011இன் டபிள்யூ 520 அத்தகைய வேடிக்கைகள் இல்லாத உழைப்பாளி. நான்கு உட்கருச் செயலி, 170 வாட் மின்னேற்றி, நான்கு நினைவகச் செருகிடங்கள். இரண்டு செருகிடங்கள் அடிமூடியின் கீழ், இரண்டு விசைப்பலகையின் கீழ். 4 ஜிபி நினைவகத்துடன் வாங்கிய ஒருவர் பிறகு தன் வசதிக்கேற்ப 32 ஜிபி வரை தானே ஏற்றிக்கொள்ளலாம்.

பூட்டுகளும் சாவிகளும்

இந்தத் திறந்த பெட்டிக்குள் ஒரு பூட்டும் இருந்தது. கம்பியில்லா இணைய அட்டையை மாற்றினால், பயாஸ் தன் அனுமதிப் பட்டியலைப் பார்த்து, பட்டியலில் இல்லாத அட்டை என்றால் கணினியைத் தொடங்கவே விடாது. அலைபரப்புச் சாதனங்களுக்கான அரசுச் சான்று விதிகள் இதற்குக் காரணமாகக் காட்டப்பட்டன. காரணம் எதுவானாலும், பணம் கொடுத்து வாங்கியவர் தன் கணினியில் 'அனுமதியற்ற அட்டை' என்ற பிழைச் செய்தியைப் படிக்க வேண்டியிருந்தது.

2012இல் வந்த டபிள்யூ 530இல் ஏழு வரிசை விசைப்பலகை போய் ஆறு வரிசை வந்தது. ஆர்வலர்கள் சும்மா இருக்கவில்லை. முந்தைய மாதிரியின் விசைப்பலகையை எடுத்து, விளிம்பைச் சற்று அராவி, இணைப்பானின் சில முனைகளை ஒட்டுப்பட்டையால் மறைத்துப் பொருத்தினர். சில விசைகள் மாறி வேலை செய்தன. எனவே விசைப்பலகையை ஆளும் உட்பொதி கட்டுப்படுத்தியின் நிலைபொருளையே திருத்தினர். வேறு சிலர் பயாஸ் சில்லின்மீது கவ்வியை மாட்டி, உள்ளிருப்பதைப் படித்து நகலெடுத்துக்கொண்டு, அதனிடத்தில் கோர்பூட்டை எழுதினர். கோர்பூட் என்பது 1999இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ரான் மின்னிக் லினக்ஸ்பயாஸ் என்ற பெயரில் தொடங்கிய கட்டற்ற நிலைபொருள் திட்டமாகும். கோர்பூட் வந்தபின் அனுமதிப் பட்டியல் இல்லை.

வெப்பம் இன்னொரு போர்க்களம். மெல்லிய உடலுக்குள் வலிய செயலி இருந்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் செயலி தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உலர்ந்த வெப்பப்பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவுவது ஒரு தீர்வு. செயலிக்குச் செல்லும் மின்னழுத்தத்தைச் சிறிதளவு குறைப்பது மற்றொன்று. 2019 டிசம்பரில் ஆய்வாளர்கள் 'பிளண்டர்வோல்ட்' என்ற தாக்குதலை வெளியிட்டனர். மின்னழுத்தத்தைக் குறைக்கும் அதே வழியால் இன்டெல் செயலியின் பாதுகாக்கப்பட்ட பகுதியில் கணக்குப் பிழைகளை உண்டாக்க முடியும் என்று அவர்கள் காட்டினர். அதன்பின் வந்த பயாஸ் புதுப்பிப்புகள் பல கணினிகளில் அந்த வழியை அடைத்தன. பாதுகாப்புக் காரணம் உண்மையானதுதான். ஆனால் அந்தப் பாதுகாப்புப் பகுதியை ஒருபோதும் பயன்படுத்தாத உரிமையாளருக்கும், வேண்டுமானால் திறந்துகொள்ளும் தெரிவைப் பல தயாரிப்பாளர்கள் தரவில்லை.

இரண்டாம் வாழ்வு

பெருநிறுவனங்கள் இக்கணினிகளை மூன்று நான்கு ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழித்துவிடும். அவை சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளுக்கு வந்து சேர்கின்றன. புதிதாக வாங்கக் கனவிலும் முடியாத ஒரு பொறியியல் மாணவர், விலையின் சிறு பங்கில் அதை வாங்கி, நினைவகம் சேர்த்து, திடநிலை வட்டு மாட்டி, லினக்ஸ் நிறுவி இன்னும் பல ஆண்டுகள் ஓட்டலாம். பெட்டி திறக்கக்கூடியதாக இருந்தால் மட்டுமே இந்த இரண்டாம் வாழ்வு உண்டு. நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டுவிட்டால், முதல் உரிமையாளர் வாங்கிய அளவே கடைசி உரிமையாளருக்கும் விதி.

மெல்லிய கணினிகளின் மோகத்தில் அப்படிப் பற்றவைக்கும் வழக்கம் பணிநிலைய வகைக்குள்ளும் நுழைந்தது. எல்லாவற்றையும் வணிகத் தந்திரம் என்று தள்ளிவிட முடியாது. வேகம் கூடக்கூட, பழைய செருகிடங்களின் நீண்ட மின்தடங்களில் சமிக்ஞை சிதைகிறது. இதற்கு மாற்றாக டெல் நிறுவனம் 2022இல் தன் பிரிசிஷன் கணினிகளில் கேம் என்ற தட்டையான நினைவக அட்டையைக் கொண்டுவந்தது. டெல்லிடம் மட்டுமே வாங்க வேண்டிவருமோ என்று முதலில் ஐயம் எழுந்தது. 2023 டிசம்பரில் ஜெடெக் அமைப்பு கேம் 2 என்ற பொதுத் தரத்தை வெளியிட்டதும் அது தணிந்தது. 2024இல் அத்தரத்தின் குறைமின் வடிவத்தோடு திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறை வெளிவந்தது. அதுவரை பற்றவைத்தே தரப்பட்ட வகை நினைவகம், அதில் சிறு திருகாணிகளால் இறுக்கப்பட்ட ஓர் அட்டையில் இருக்கிறது.