98 சொற்களுக்கு 16 மணி நேரம்: அட்லாண்டிக் கேபிள் நடத்திய ஆர்சி பாடம்

இந்த எபிசோடுக்கு ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் போதும். எலக்ட்ரானிக்ஸ் படிச்ச எல்லாரும் முதல் வருஷ லேப்பில் பார்த்த சுற்றுதான். இந்தச் சின்னச் சுற்றின் குணத்தை ஒருவர் ஏற்க மறுத்ததால் அட்லாண்டிக் கடலடியில் என்ன நடந்தது என்று இன்னிக்குப் பேசப்போறேன்.

முதல்ல சுற்றைப் பார்த்துடுவோம். ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கெப்பாசிட்டருக்கு மின்சாரம் போகிறது. குறுகலான குழாய் வழியாகத் தொட்டியில் தண்ணீர் நிரப்புவது மாதிரி. மெதுவாக ஏறி இறங்கும் சிக்னல் என்றால் தொட்டி நிரம்பவும் வடியவும் நேரம் கிடைக்கும். வேகமாக மாறினால், நிரம்புவதற்குள்ளேயே வடியத் தொடங்கிவிடும். அதனால் வெளியே வரும் சிக்னல் சுருங்கிப் போகும்.

எண்ணில் சொன்னால் இன்னும் தெளிவு. 1 கிலோ ஓம், 1 மைக்ரோஃபாரட் எடுத்துக்கோங்க. 1-ஐ 2π, மின்தடை, கெப்பாசிட்டன்ஸ் மூன்றின் பெருக்கலால் வகுத்தால் சுமார் 159 ஹெர்ட்ஸ் வரும். இதுதான் கட்-ஆஃப் அதிர்வெண். அங்கே வெளியீடு உள்ளீட்டில் 70.7 சதவீதம். அதைவிடப் பத்து மடங்கு குறைந்த அதிர்வெண்ணில் சிக்னல் ஏறக்குறைய முழுசா வரும். பத்து மடங்கு கூடிய அதிர்வெண்ணில் பத்தில் ஒரு பங்குதான் வரும்.

இதில் ஒன்றைக் கவனிங்க. அந்தக் கணக்கில் வோல்டேஜ் எங்கேயுமே இல்லை. 1 வோல்ட் கொடுத்தாலும் 100 வோல்ட் கொடுத்தாலும் 159 ஹெர்ட்ஸ் மாறாது. இன்றைய கதை முழுக்க இந்த ஒரு வரியைச் சுற்றித்தான்.

1851-இல் டோவருக்கும் கலேவுக்கும் நடுவே கடலடித் தந்திக் கேபிள் வேலை செய்யத் தொடங்கியது. அடுத்தடுத்து நீளமான கேபிள்கள் வந்தபோது தந்திக்காரர்கள் விநோதமான ஒன்றைக் கண்டார்கள். இந்த முனையில் ‘டக்’கென்று கொடுத்த துடிப்பு, அந்த முனையில் இழுபட்டுப் பரவி வந்தது. வேகமாக அனுப்பினால் ஒரு புள்ளி அடுத்த புள்ளியோடு ஒட்டிக்கொண்டது.

காரணத்தை 1854-இல் ஃபாரடே சொன்னார். நடுவில் செம்புக் கம்பி, அதைச் சுற்றிக் கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் உறை, வெளியே உப்புக் கடல். இரண்டு கடத்திகள், நடுவில் ஒரு காப்பு. அப்படியென்றால் முழுக் கேபிளும் ஒரு லேடன் ஜாடி, அதாவது கெப்பாசிட்டர்! கம்பிக்கோ மின்தடையும் உண்டு. கேபிள் என்பது எண்ணற்ற சிறு ஆர்சி சுற்றுகளை வரிசையாகக் கோத்த சங்கிலி.

கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, இதைக் கணக்காக்கி 1855-இல் வெளியிட்டார். இரும்புக் கம்பியில் சூடு ஊர்ந்து போவதற்கு ஃபூரியே எழுதிய அதே சமன்பாடுதான் இங்கும் வந்தது. விடை: தாமதம் நீளத்தின் வர்க்கத்தில் கூடும். நீளம் இரட்டித்தால் மின்தடையும் இரட்டிக்கும், கெப்பாசிட்டன்ஸும் இரட்டிக்கும். பெருக்கினால் நாலு மடங்கு. பத்து மடங்கு நீளத்துக்கு நூறு மடங்கு தாமதம்.

அட்லாண்டிக் கேபிள் கம்பெனிக்கு இது நல்ல செய்தி இல்லை. 1856-இல் 3,50,000 பவுண்டு மூலதனத்தோடு தொடங்கிய கம்பெனி அது. அதன் மின் நிபுணர் வைல்ட்மேன் வைட்ஹவுஸ், தொழிலால் அறுவை மருத்துவர். நிறைய சோதனை செய்தவர்தான். வெறும் வாய்ப்பேச்சுக்காரர் என்று ஒதுக்க முடியாது. ஆனால் 1856-இல் செல்டென்ஹாம் அறிவியல் கூட்டத்தில், வர்க்க விதி உண்மையான கேபிளுக்குப் பொருந்தாது என்று வாதிட்டார். பருமனான செம்பு தேவையில்லை என்பது அவர் கட்சி. கம்பெனி இட்ட கேபிளில் கடல் மைலுக்கு 107 பவுண்டு செம்புதான்.

1858 ஆகஸ்ட் 5 அன்று அயர்லாந்தும் நியூஃபவுண்ட்லாந்தும் இணைந்தன. ஆகஸ்ட் 16-இல் விக்டோரியா அரசியிடமிருந்து அமெரிக்க ஜனாதிபதி புக்கானனுக்கு வாழ்த்து போனது. 98 சொற்கள். போய்ச் சேர ஏறக்குறைய 16 மணி நேரம். ஒரு சொல்லுக்குப் பத்து நிமிஷம்னு வச்சுக்கோங்க.

தாம்சனின் வழி வேறு. குறைந்த மின்சாரம் கொடு, வந்து சேரும் நூலளவு மின்னோட்டத்தையும் காட்டும் கருவியை வை. கண்ணாடித் துண்டில் பட்ட ஒளிப்புள்ளி அசைவதைப் பார்த்துப் படிக்கும் கால்வனோமீட்டரை அதற்காகவே செய்தார். வைட்ஹவுஸோ பிரம்மாண்டமான தூண்டல் சுருள்களால் சுமார் 2000 வோல்ட் கொடுத்தார். செப்டம்பர் தொடக்கத்தில் கேபிள் செத்தது. முழுப் பழியையும் அவர்மேல் போடுவது நியாயமில்லை. உறையில் ஏற்கெனவே குறைகள் இருந்தன. கையாண்ட விதமும் மோசம். ஆனால் பலவீனமான உறையை அந்த வோல்டேஜ் மேலும் கெடுத்தது. கம்பெனி அவரை வேலையிலிருந்து நீக்கியது. பின்னர் நடந்த விசாரணையின் அறிக்கை 1861-இல் வெளிவந்தது.

1866-இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் புதுக் கேபிளை இட்டது. கடல் மைலுக்கு 300 பவுண்டு செம்பு, 400 பவுண்டு கட்டாபெர்ச்சா. செம்பு பருத்ததால் மின்தடை இறங்கியது. கம்பி பருத்தும் கெப்பாசிட்டன்ஸ் அதிகம் ஏறிவிடாமல் தடித்த உறை பார்த்துக்கொண்டது. இப்போது நிமிஷத்துக்கு எட்டுச் சொல் அளவுக்குப் போனது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது தாம்சனின் கெட்டிக்காரத்தனம் மட்டுமில்லை. பலத்தைக் கூட்டினால் வேகம் கூடும் என்று நம் எல்லாருக்குமே தோன்றும். ஆர்சி சுற்று அதற்கு அசையாது. வோல்டேஜைக் கூட்டினால் சிக்னலின் உயரம் கூடும். எந்த அதிர்வெண் எவ்வளவு சுருங்கும் என்ற விகிதம் அப்படியே இருக்கும். மாற்ற வேண்டியது மின்தடையையும் கெப்பாசிட்டன்ஸையும்.

இந்த வர்க்க விதி இன்றும் உயிரோடுதான் இருக்கு. உங்க போனில் இருக்கும் சிப்புக்குள் ஓடும் மெல்லிய கம்பிகளும் இப்படிப்பட்ட ஆர்சி சங்கிலிகள்தான். அதனால் நீளமான கம்பியை வடிவமைப்பாளர்கள் துண்டு துண்டாக வெட்டி, நடுநடுவே ரிப்பீட்டர் வைக்கிறார்கள். பத்துத் துண்டாக்கினால் ஒவ்வொரு துண்டின் தாமதமும் நூறில் ஒரு பங்கு. பத்தையும் கூட்டினாலும் பழைய தாமதத்தில் பத்தில் ஒரு பங்குதான், ரிப்பீட்டர்களின் சொந்தத் தாமதம் தனி. கடலில் 3000 கிலோமீட்டர், சிப்பில் சில மில்லிமீட்டர். கணக்கு ஒன்றே. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.