ஒரு மீட்டர் உயரத்தின் வரலாறு

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போகிறவருக்கு நிலம் தட்டையாகத்தான் தெரியும். எனக்கும் பல வருஷம் அப்படித்தான். ஆனால் கரைக்கு இணையாக வரிவரியாக மணல்மேடுகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பழைய கடற்கரை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பூமியின் நீரில் இப்போதையதைவிடக் கூடுதல் பங்கு பனியாக உறைந்திருந்தபோது, கடல் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி உருகக் கடல் ஏறி, 6,000-7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை நெருங்கியது. பிறகு பெண்ணையும் கெடிலமும் வெள்ளாறும் கொள்ளிடமும் கொண்டுவந்த மணலை அலை வரப்பு கட்டியது. பனியாறு இங்கே வரவில்லை; அதன் வரலாறு வந்திருக்கிறது.

சங்கப் பாட்டில் இதற்குப் பெயர் எக்கர். எம்.ஏ. வகுப்பில் அதை இரங்கலின் பின்னணி என்று எழுதி மார்க் வாங்கினோம். அது நிலம் என்பது நமக்கு உறைக்கவேயில்லை.

மேலிருந்து பார்த்தவர்களுக்கு உறைத்ததா? 1988இல் ஏவப்பட்ட ஐஆர்எஸ்-1ஏயின் ஒரு கருவியில் ஒரு புள்ளி 72.5 மீட்டர், 2005இல் கார்ட்டோசாட்-1இல் அது 2.5 மீட்டர். உலர்ந்த மேடு வெளுப்பாகவும் ஈரப் பள்ளம் கறுப்பாகவும் படத்தில் பதிகின்றன. ஆனால் நிறம் வேறு, உயரம் வேறு. ஸ்வீடனில் 2009 முதல் விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சி நாடு முழுக்க அளந்தார்கள். காட்டைக் கணினியில் நீக்கிப் பார்த்தபோது பனியாறு விட்டுப்போன சின்னஞ்சிறு வரப்புகள் தெரிந்தன.

படிச்சவங்க சமாச்சாரம் என்று இதை ஒதுக்க முடியாது. 2004 சுனாமிக்குப் பின் பரங்கிப்பேட்டை ஆய்வாளர்கள் கதிரேசனும் ராஜேந்திரனும் 18 குடியிருப்புகளை ஆராய்ந்து, அலையாத்திக் காட்டுக்குப் பின்னாலும் மேட்டிலும் இருந்தவை தப்பின என்றார்கள். 2006இல் கெர், பேர்டு, கேம்பல் மூவரும் அதே எண்களை மறுபடி கணக்கிட்டு, கடலிலிருந்து தூரமும் தரையின் உயரமும்தான் பெரும்பாலும் காப்பாற்றின, மரத்தின் பங்கு சொற்பம் என்றார்கள். விவாதம் தீரவில்லை. ஆனால் படத்தில் பச்சை பளிச்செனத் தெரியும், ஒரு மீட்டர் மேடு தெரியாது. தெரிந்ததற்குத் திட்டம் வந்தது. கரையெல்லாம் சவுக்கு நட்டார்கள்.

ஊர்ப்பெயர்களில் உயரம் இருக்கிறதே, மக்களுக்கு எல்லாம் தெரியும் என்று உருகவும் நான் தயாராக இல்லை. கிள்ளைப் பக்கத்து பில்லுமேடும் எம்.ஜி.ஆர். திட்டும் பெயரிலேயே மேடும் திட்டும் கொண்டவை. கடலுக்கும் கழிக்கும் நடுவே மணலில் இருந்த அவற்றைத்தான் அலை அழித்தது. கழித் தண்ணீருக்கு அது மேடு, கடலுக்கு அல்ல. அந்த வித்தியாசத்தைச் சொல்ல அளவு வேண்டும்.

அளவு யாருக்கு? இந்தப் பக்கம் ஊர் மேட்டிலும் சேரி பள்ளத்திலும் இருப்பது இயற்கையின் ஏற்பாடு இல்லை. 2015 வெள்ளம் போல ஒவ்வொரு வெள்ளத்திலும் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்தால் போதும். துல்லிய வரைபடம் வந்தால் சாதி சென்டிமீட்டரில் தெரியும். பாதுகாப்பின் பெயரால் வரைபடங்கள் மீதிருந்த தடைகள் 2021இல் இந்திய நிறுவனங்களுக்குத் தளர்ந்தன. இனி அவை கம்பெனிகளின் கைக்குச் சுலபமாகப் போகும். தொகுப்பு வீட்டுக்கு மனை ஒதுக்குகிற அன்று, அந்த மனையின் உயரத்தைத் தமிழில் எழுதி கிராமசபையில் வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியது நாம்தான்.